எச்சில் சத்தம்

மைக்கின் தலையைக் கழற்றி உள்ளே பார்த்திருக்கிறீர்களா, செல்லங்களா? பார்க்காதவரை நல்லது. வெளியே பளபளவென்று வலை உருண்டை. அதைத் திருகி எடுத்தால் உள்ளே வட்டமாக ஒரு பஞ்சு. வாங்கும்போது கறுப்பாக இருக்கும். நாலு விழா போய்வந்தபின் அது என்ன நிறம் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் தின்ற சோறு உள்ளே தங்கவேண்டும். தலைமை தாங்கினவர் எச்சில், வாழ்த்திப் பேசினவர் எச்சில், நன்றி சொன்ன அம்மாளின் உதட்டுச் சாயம், சிகரெட், வெங்காயம், சொத்தைப் பல் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் குடியிருக்கும்.

எங்கள் கீழ்வீட்டுக்காரிக்கு அதைக் கழுவுவதுதான் வேலை. அவளுடைய தம்பி ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். தெருவில் அவனை மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காள் வீட்டு முன்னறை முழுக்க அவன் பெட்டிகள். அந்த வீட்டுக்காரர்கள் ஒருக்களித்து நடந்துதான் சமையலறைக்குப் போகவேண்டும். விழா முடிந்ததும் ஒரு வாளி நிறைய மைக்கைக் கொண்டுவந்து பின்புறக் குழாயடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாகத் திருகி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்ப்பாள். முகம் சுளிக்கமாட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நான்தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

ஒருநாள் ஒரு பஞ்சைப் பிழிந்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "இது யாருதுன்னு நினைக்கிறீங்க மாடியம்மா? வாழ்த்துரை. மனுஷன் பேசுனதுல பாதி வெளியவே வரல, இதுக்குள்ளதான் இருக்கு."

அவள் வீட்டுக்காரர் சாக்ஸபோன் வாசிக்கிறவர். தெருவுக்கு அவர் ஊதுகாரர். நல்ல உயரம், பீப்பாய் மாதிரி நெஞ்சு. ஊரின் பெரிய சாப்பாட்டு விடுதியில் வாரக் கடைசி மதியங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாசிப்பில் மெதுவான பாட்டு ஒன்று உண்டு. அதன் நடுவே நீளமான ஓர் இழுப்பு வரும். ஒரே மூச்சில் ஏறி, மேலே கொஞ்ச நேரம் நின்று, இறங்காமலே முடியும். அந்த இடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது முகத்தின் இடது பக்கம் அப்படியே தொங்கிவிட்டது. பயப்படவேண்டாம், திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பத்தான் செய்தது. கண் மூடியது, புருவம் ஏறியது. வாயின் இடது மூலை மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. தண்ணீர் குடித்தால் அந்த மூலையில் ஒழுகும். ஊதினால் காற்று அங்கே 'உஸ்' என்று கசியும். கூடவே எச்சில் கோடாக இறங்கித் தாடையில் தொங்கும்.

பல மாதம் கழித்து விடுதி முதலாளி ஆள் அனுப்பினார். கூடத்தைப் புதுப்பித்துத் திறக்கிறாராம். திறப்பு விருந்துக்கு ஊதுகாரர் வாசிக்கட்டும், நன்றாக இருந்தால் பழைய இடம் பழையபடி அவருக்கே என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. பழைய இடம் கிடைக்கவேண்டும்; கிடைக்காவிட்டால் வேறு எங்கேயும் அவரைக் கூப்பிடப் போவதில்லை. அது மூன்று பேருக்குமே தெரியும்.

கேள்வி ஒன்றுதான்: எந்த மைக்?

மைக் பார்க்கிற விதம் அவர்கள் வீட்டில் எப்போதும் ஒன்றே. அவள் பெட்டிகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாள். பின்னால் அவர் ஊதுவார். தம்பி மைக்கை மாற்றி மாற்றி வைப்பான், எதை வைத்தான் என்று சொல்லமாட்டான். அவள் கேட்டுவிட்டுச் சொல்லுவாள். அவள் சொன்னதுதான் தீர்ப்பு. அடுப்பில் மீன் வறுபட்டுக்கொண்டிருந்தாலும் தீர்ப்பு முடிந்துதான் எழுந்திருப்பாள். மீன் பலமுறை கருகியிருக்கிறது.

அன்று தம்பி முதலில் வைத்தது ஒரு புது மைக். சுண்டுவிரல் அளவுதான், வளைகிற கழுத்து. சாக்ஸபோனின் அகன்ற வாயின் விளிம்பில் கவ்விக்கொண்டு நிற்கும். கம்பி கிடையாது, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அதை மாட்டினால் மேடையில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். அவள் கொஞ்ச நேரம்கூடக் கேட்கவில்லை, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள்.

"யாரோ வாய்க்குள்ள என் தலையைப் புடிச்சு விட்ட மாதிரி இருக்கு. துளை மூடிங்க அடிக்கிற சத்தம் வேற, தட்டுமுட்டு சாமானைப் போட்டு உருட்டுற மாதிரி. எடு அதை."

அடுத்து பாட்டுக்காரர்கள் கையில் பிடிக்கிற உருண்டைத் தலை மைக். மேல் சுரங்கள் கூசுகின்றன, பல்லில் ஊசி ஏற்றியது மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றாவதாகத் தம்பி வேண்டா வெறுப்பாகத் தூக்கிவந்தது பெரிய மேளத்துக்கு வைக்கிற குண்டு மைக். சுரைக்காய் மாதிரி இருக்கும், கனம் தாங்காமல் ஸ்டாண்டே சாயும். அதைக் கேட்டதும் அவள் தோள் இறங்கியது. கையைப் பின்னால் நீட்டி, இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று காட்டினாள்.

அவள் வைக்கச் சொன்ன இடம் அகன்ற வாய்க்கு எதிரே இல்லை. அவருடைய இடதுகை விரல்கள் இருக்கும் இடத்துக்கும் அந்த அகன்ற வாய்க்கும் நடுவில், ஒரு முழம் தள்ளி. எனக்கு அது புரியவில்லை, தம்பிக்கும் என்றைக்குமே புரிந்ததில்லை. ஒலி வருவது வாய் வழியாகத்தானே, இடுப்புக்கு எதற்கு மைக் என்று அவன் எப்போதும் போல முனகினான். ஊதுகாரர்தான் எனக்கு விளக்கினார்: அடிச்சுரங்கள் மட்டும்தான் அந்த வாய் வழியாக வரும், மற்றதெல்லாம் உடம்பு முழுக்க இருக்கிற துளைகள் வழியாக வருகிறது என்று. சொல்லும்போதே எச்சில் ஒழுகியது. துண்டால் ஒற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் எழுந்துபோய் அவரைத் தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினாள். கசிகிற மூலை மைக்குக்கு மறுபக்கம் போனது. தரையில் சாக்குக்கட்டியால் அவர் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். இந்தக் கோட்டை விட்டு அசையாவிட்டால் 'உஸ்' பாதிக்குமேல் கேட்காது என்றாள். நீள இழுப்பை அவர் இரண்டாக உடைத்துத்தான் வாசித்தார். ஒரு மூச்சு நடுவில் தேவைப்பட்டது. தம்பி, சரி அக்கா, குண்டு மைக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

விருந்தன்று துணைக்கு வாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டாள். வானம் மூடி, காற்றே இல்லாமல் புழுங்கிய நாள். வேன் பின்பக்கம் பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து போனோம்.

பெரிய இடங்களுக்கு இரண்டு வாசல் உண்டு, கண்ணுகளா. விருந்தாளி வாசலில் பூச்சாடி இருக்கும். வேலைக்காரர் வாசல் சமையல்கட்டுச் சாக்கடைமேல் இருக்கும். பழைய எண்ணெய் உறைந்து பிசுபிசுக்கிற தரை. மீன் செதில் செருப்பில் ஒட்டியது. ஒரு தொட்டியில் நேற்றைய எச்சில் சோறு நுரைத்துக் கிடந்தது. அந்த வாசலைத் தாண்டினால் ஒரே எட்டில் புதுக் கூடம்: வெள்ளை மேசைவிரிப்பு, கண்ணாடித் தம்ளர், பெயின்ட் வாசனை. முதலாளி எங்களைப் பார்த்தார். தீக்குச்சியால் பல்லைக் குடைந்து, அதை மேசைவிரிப்பின் ஓரத்தில் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே ஊதுகாரர் தோளில் தட்டினார். முகம் நன்றாகத்தானே இருக்கிறது, யாரோ என்னென்னவோ சொன்னார்களே என்றார்.

ஊதுகாரரும் தம்பியும் மேடைக்குப் பின்னால் போனார்கள். திரும்பி வந்தபோது சாக்ஸபோன் வாயில் அந்தச் சுண்டுவிரல் மைக் கவ்விக்கொண்டிருந்தது.

என்னடா இது என்று அக்காள் கேட்டாள். மேசைகளுக்கு நடுவே நடந்து வாசிக்கவேண்டும் என்று முதலாளி கேட்டுக்கொண்டார், குண்டு மைக்கைக் கழுத்தில் கட்டிக்கொண்டா நடப்பார் என்றான் தம்பி. நீ உட்கார் அக்கா, நான் சரிசெய்து வைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல் என்றான். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசி மேசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

விருந்தாளிகள் வருவதற்கு முன் ஒத்திகையாக அவர் வாசிக்க ஆரம்பித்தார். ஒலிபெருக்கியிலிருந்து வந்தது பழைய ஊதுகாரர்தான். 'உஸ்' இல்லை, மூடி அடிக்கிற சத்தம் இல்லை. வழுவழுவென்று இறங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குணமாகிவிட்டார் என்றே நினைத்தேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன், கை விறைத்திருந்தது.

நீள இழுப்பு வந்தது. ஒரே மூச்சில் ஏறியது. நின்றது. இறங்காமலே முடிந்தது.

கண்ணைத் திறந்தாள். அப்போதுதான் எனக்கும் கேட்டது. அந்த அழகான சத்தத்துக்கு அடியில், மேடையிலிருந்து நேராக, இன்னொரு சாக்ஸபோன். மெலிசாக, ஒரு மயிரிழை சுருதி குறைவாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. இரண்டும் ஒன்றோடொன்று உரசி, பழைய எண்ணெயில் தண்ணீர் தெளித்தமாதிரி ஒரு சத்தம்.

எழுந்து மேடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். சாக்ஸபோனின் அகன்ற வாய்க்குள் கையை விட்டாள். விட்டு, இழுத்தாள். கை துடைக்கிற துண்டு ஒன்று வந்தது. விடுதிக் கழிப்பறையில் மாட்டி வைப்பார்களே, அது. ஈரமாக இருந்தது.

தம்பிதான் அடைத்திருந்தான். வாயை அடைத்தால் சத்தம் அடங்கிவிடும் என்று நினைத்தானாம். இத்தனை வருஷம் அவள் காட்டின இடத்தில் மைக் வைத்தவன். ஒரு நாளாவது அதை நம்பியிருந்தால் தெரிந்திருக்கும். அடிச்சுரம் மட்டும் திணறி நின்றுபோனது, மற்றதெல்லாம் துளை வழியாகத் தன்பாட்டுக்கு வந்துவிட்டது. சுண்டுவிரல் மைக்கை அவன் அணைத்தே வைத்திருந்தான். ஒலித்தது அவர் முகம் தொங்குவதற்கு முன்பு, இதே விடுதியில் வாசித்தபோது தம்பி செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தது.

அவள் அந்தத் துண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை மைக் கழுவியவள் முகம் சுளித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நல்லதுக்குத்தான் அக்கா பண்ணேன்," என்றான் தம்பி. "மாமா மெதுவா ஊதுற மாதிரி காட்டுனா போதும். எவனுக்கும் தெரியப் போறதில்ல. இடம் கிடைச்சிரும். அப்புறம் நிதானமா வாய் சரியாகட்டும். உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அடைத்தால் அடங்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடைக்கவிட்டு நின்றிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையாட்டினார்.

"எப்பலேர்ந்து?"

"நேத்து சொன்னான். வேண்டாம்னுதான் சொன்னேன். அப்புறம்..." வாயின் மூலையைத் துண்டால் ஒற்றினார். "இங்க பாரு. நாலு பேரு சோறு திங்கிற இடம். நான் பக்கத்துல போய் நின்னு ஒழுக விட்டா எவனுக்கு எறங்கும்? எனக்கே கண்ணாடியில பார்க்க அருவருப்பா இருக்கு."

"அருவருப்பு," என்றாள் அவள், மெதுவாக. "ஊர்ல இருக்கிற கண்டவன் எச்சியெல்லாம் நான் கழுவிக்கிட்டு இருக்கேன். எது அருவருப்புன்னு என்கிட்ட சொல்றீங்க."

அவர் சாக்ஸபோனைக் கீழே இறக்கினார்.

"உங்க எச்சி எனக்கு என்னைக்குமே குமட்டுனதில்லைங்க. சோறு ஊட்டியிருக்கேன், துடைச்சு விட்டிருக்கேன். இப்ப குமட்டுது. பொணத்துக்கு சட்டை போட்டு நிறுத்தி வச்ச மாதிரி, ஊதாம ஊதுறவரு மாதிரி நிக்கிறீங்களே, இதுதான் குமட்டுது. அதுவும் உங்க பழைய சத்தத்தை வச்சே."

"நல்லா இல்லைன்னா இடம் போயிரும்மா."

"போகட்டும்னு நான் சொல்லல. எனக்கும் அந்த இடம் வேணும். இந்த செல்போனுக்கு கிடைச்ச இடத்துல நீங்க எத்தனை நாளைக்கு நிப்பீங்க?"

கூடத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவள் சுண்டுவிரல் மைக்கைக் கழற்றித் தம்பி சட்டைப் பையில் போட்டாள். வேனுக்குப் போய்க் குண்டு மைக்கை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்தாள். ஸ்டாண்டில் மாட்டி, உயரம் பார்த்து, ஒரு முழம் தள்ளி வைத்தாள். சாக்குக்கட்டி இல்லை, செருப்பைக் கழற்றி அவர் நிற்கவேண்டிய இடத்தில் போட்டாள். நிற்பதென்றால் நில்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அந்த மைக் மட்டும் இனி இல்லை என்றாள். தம்பி, நீயே பார்த்துக்கொள் என்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் பலகையை விட்டுவிட்டு வெளியே போனான். அவள் வெறுங்காலோடு அதன்முன் உட்கார்ந்தாள்.

அவர் வாயின் மூலையைக் கையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவள் செருப்பைக் காலால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார்.

எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பொய் சொல்லமாட்டேன். முதல் சுரம் தண்ணீருக்குள்ளிருந்து வந்ததுபோல் கொழகொழவென்று வந்தது. இரண்டாவது உடைந்தது. சூப் வந்துகொண்டிருந்த நேரம். எல்லாரும் உறிஞ்சினார்கள், மென்றார்கள், எலும்பைத் தட்டின் ஓரத்தில் துப்பினார்கள். மேடைக்குப் பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் அவர் தாடையில் தொங்கிய நூலைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவள் உதட்டோரம் வெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. இன்னொரு மேசையில் ஒருவன் வாயைக் கோணிக் காட்டினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கூடம் முழுக்கத் திருகிக் கழற்றின மைக் தலை மாதிரி தெரிந்தது.

முதலாளி பொத்தான் பலகைக்கு வந்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அவள் குறைக்கவில்லை. இதை நிறுத்திவிட்டு ஏதாவது பாட்டுப் போடச் சொன்னார்.

"பாட்டு முடியட்டும்," என்றாள்.

அவர் பலகையைத் தொடக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து, முரட்டுத்தனம் இல்லாமல், அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

நீள இழுப்பு வந்தது. ஏறினார். பாதியில் மூச்சு வாங்கினார்; அது கூடம் முழுக்கக் கேட்டது. மறுபடி ஏறினார். மேலே நின்றது. ஆடிக்கொண்டே நின்றது. அப்போது அவர் அந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடைகூட அசையவில்லை. யாரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பாட்டு முடிந்தது. கைதட்டு இல்லை, தட்டுச் சத்தம்தான். முதலாளி எங்களைச் சாமானைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அதைக்கூட ஊதுகாரரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார், நான் ஏதோ அவர் அம்மா என்று நினைத்துக்கொண்டு.

சாக்கடை வாசல் வழியாகவே வெளியே வந்தோம். தம்பி வேன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். அக்காள் பக்கம் திரும்பவில்லை. பெட்டி ஏற்றும்போது மட்டும் கனமானதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வண்டி கிளம்பியது. பின்பக்கக் கதவைப் புழுக்கத்துக்காகத் திறந்தே போட்டிருந்தோம். சாலை பின்னால் ஓடியது. ஊதுகாரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது.

கொஞ்ச தூரம் போனபின் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். ஆறுதலாக எதையாவது சொல்லேன் பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"கேவலமா இருந்துச்சு," என்றாள்.

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான் என்பது போல.

"முதல் ரெண்டு அடி காதால கேட்க முடியல. சுருதி எங்கயோ போச்சு. ரீடு பட்டை ஊறிப்போயிருந்துச்சு, மாத்தணும்னு கூட உங்களுக்குத் தோணல. பயத்துல வாயை இறுக்குனீங்க, அதான் மேல கிரீச்சுன்னு கத்துச்சு." நனைந்த அவர் சட்டையைப் பார்த்தாள். "ஒரு இடம் மட்டும் நல்லா இருந்துச்சு."

"எந்த இடம்?"

"அதைச் சொல்ல எனக்கு வராது. வீட்டுக்குப் போய் ஊதுங்க. வரும்போது கையைத் தூக்குறேன்."

"இழுப்பா?"

"இல்ல."

"அதுக்கு முன்னாடியா?"

"ஊதுனாத்தான் தெரியும்னு சொல்றேன்ல."

அவர் சாலையைப் பார்த்தார். அப்புறம் பெட்டிகளுக்கு நடுவே கையை விட்டுத் தன் சாக்ஸபோன் பெட்டியை இழுத்தார். முதல் தூறல் விழுந்தது. திறந்த கதவு வழியாக எங்கள் காலில் தெறித்தது. முன்சீட்டிலிருந்து தம்பி, கூடத்தை விட்டுப் போனபிறகு முதல்தடவையாகப் பேசினான்.

"மழை உள்ள அடிக்குது மாமா. பெட்டியைத் திறக்காதீங்க."

அவர் அதற்குள் திறந்துவிட்டிருந்தார். புது ரீடை, ஊதுமுனையில் வைத்துக் கட்டும் நாணல் பட்டையை, வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தார். கோணல் மூலையில் எச்சில் இறங்கியது. துடைக்கவில்லை. அவள் சுவரைப் பார்க்கிறமாதிரி பெட்டிகள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.